மச்சானின் லாபம்

அந்தப் படம் என் கைபேசிக்கு வந்தபோது நான் மருத்துவமனைக் குசினியில் மத்தியானத் தட்டுகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தேன். சுவிஸில், பேர்ண் நகரில், இருபத்தாறு வருடமாக நான் செய்துவரும் வேலை அது. பதினொரு மணிக்குத் தட்டுகள் பட்டையில் ஓடத் தொடங்கும். ஒருவர் உருளைக்கிழங்கு வைப்பார், ஒருவர் இறைச்சி வைப்பார், ஒருவர் சோஸ் ஊற்றுவார். கடைசியில் நிற்கும் நான் ஒவ்வொரு தட்டிலும் உள்ள அட்டையை வாசித்து, உப்பு ஆகாதவருக்கு உப்பில்லாததும் சீனி வருத்தக்காரருக்குச் சீனியில்லாததும் போகிறதா என்று பார்த்து மூடியைப் போட வேண்டும். பட்டை ஓடும்போது கைபேசியைத் தொடக் கூடாது. காற்சட்டைப் பைக்குள் அது மூன்று தரம் அதிர்ந்தது. தொட்டேன்.

படத்தில் என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, ஒரு பச்சை மேசைக்குப் பின்னால் இருந்தார். அவருக்கு முன்னால் சூதாட்ட வில்லைகள் நிறம் நிறமாக மதில்போல் அடுக்கப்பட்டிருந்தன. கையில் ஒரு வெற்றிக் கிண்ணம். முகத்தில் பெரிய சிரிப்பென்று ஒன்றுமில்லை; பஸ்ஸுக்குக் காத்திருப்பவரின் முகம். கீழே மனைவி எழுதியிருந்தாள்: ‘தம்பி முதலாம் இடம்.’ அதற்கும் கீழே பரிசுத் தொகை. நான் எட்டு வருடம் மூடி போட்டால் கிடைக்கும் காசு அது. அதை வாசித்துக்கொண்டு நின்ற நேரத்தில் சீனி வருத்தக்காரர் ஒருவருக்குக் கரமல் புடிங் போய்விட்டது. வார்டில் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார்கள். ஷெஃப் என்னைத் தனியே கூப்பிட்டு, இத்தனை வருடத்தில் உன்னிடம் இதுதான் முதல் பிழை என்றார். எனக்கு வயிறு எரிந்தது. புடிங்குக்காக அல்ல. இதை மழுப்பிச் சொல்வதில் பிரயோசனமில்லை. பொறாமையைப் பற்றி எழுதப் புறப்பட்டுவிட்டு அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை.

மச்சான் இங்கே வந்தபோது அவருக்கு இருபத்துநாலு வயது. எங்கள் வீட்டுச் சின்ன அறையில் மூன்று வருடம் இருந்தார். அந்தக் குசினியில் அவருக்கு வேலை எடுத்துக் கொடுத்தவனும் நான்தான். நேரில் நான் அவரை நீ என்றுதான் கூப்பிடுகிறேன். எழுத உட்கார்ந்தால் ‘அவர்’ என்று வருகிறது. அதுவும் பொறாமை செய்யும் வேலை என்றே நினைக்கிறேன். மத்தியானத் தட்டுகள் எல்லாம் வார்டுகளுக்குப் போய் முடிய, இரண்டு மணிக்கு எங்களுக்குப் பௌசே, அதாவது இடைவேளை. அந்த அரை மணித்தியாலத்தில் குசினியில் இருந்த நாலு தமிழர்களும் உடுப்பு மாற்றும் அறைக்குப் பக்கத்திலிருந்த மேசையில் சீட்டுப் போட்டு முந்நூற்றுநாலு விளையாடுவோம். யாழ்ப்பாணத்தார் எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் விளையாடுகிற ஆட்டம் அது. எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு பக்கம். ஆளுக்கு எட்டுத் தாள். யார் கூடிய புள்ளி கேட்கிறாரோ அவர் துரும்பைத் தீர்மானிப்பார். பிறகு எட்டுத் தாளையும் எல்லோரும் விளையாடித்தான் ஆக வேண்டும். நானும் மச்சானும் எப்போதும் ஒரு பக்கம்.

அந்த மேசையில் நான் ராசா. தாள் மோசமாக இருந்தாலும் துணிந்து கேட்பேன். எதிரே இருக்கும் மச்சான் வாயே திறக்காமல் எப்படியோ இழுத்துக் கொடுப்பார். கையில் இருந்த தாளை அவர் இரண்டாம் தரம் பார்த்ததே இல்லை. மற்றவர்கள் போட்ட தாள்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் வென்றது என் துணிவினால் என்று நான் நினைத்தேன். மற்ற இருவரும் அப்படித்தான் சொன்னார்கள். மச்சானும் மறுக்கவில்லை. அவர் ஒருநாளாவது மறுத்திருந்தால் எனக்குப் பின்னால் அவ்வளவு எரிந்திராது.

பாத்திரம் கழுவும் பகுதியில் வேலை செய்த ஒரு போர்த்துக்கேயர்தான் அவரைப் போக்கர் விளையாடக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் மாதம் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு கிழமையும். இரண்டு வருடத்தில் மச்சான் வேலை நேரத்தை அறுபது வீதமாகக் குறைத்தார். பிறகு ஒரேயடியாக விட்டார். இனிமேல் இதுதான் தொழில் என்றார். எங்கள் ஆட்கள் மத்தியில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கசினோவுக்குப் போகிறார் என்றால் குடும்பத்துக்கே ஒரு கறை. மனைவி ஆட்களைக் கண்டால் பேச்சை மாற்றினாள். நான் ‘பாவம், சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை’ என்று போகும் இடமெல்லாம் பெருமூச்சு விட்டேன். உண்மையில் அந்தக் காலம் எனக்கு நல்ல காலம். ஒருவருக்காக இரங்குவதில் இருக்கும் சுகத்தை நான் வேறெதிலும் கண்டதில்லை.

பிறகு அந்தப் படம் வந்தது. ஒரே கிழமையில் அது எல்லாத் தமிழ்க் கைபேசிகளுக்கும் போய்விட்டது. சூதாடியாக இருந்தவர் ப்ரொஃபெஷனல் ஆனார். அடுத்து, ஒரு பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடிய சாமத்திய வீட்டில், மண்டபத்தின் முன்வரிசையில் மச்சானை இருத்தினார்கள். வீடியோக்காரர் பெண் பிள்ளையை எடுத்ததற்கு அடுத்தபடியாக அவரைத்தான் எடுத்தார். குசினியில் வேலை செய்பவன் என்பதால் எனக்கு எந்தக் கொண்டாட்டத்திலும் ஒரே இடம்தான்: பாயாசக் கிடாரத்துக்குப் பக்கம். அங்கே நின்று அகப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். காப்புறுதி விற்கும் ஒருவர், தன் பரிசாரகரைக் கூப்பிடுவதுபோல் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டு, “அண்ணை, உங்கட மச்சானுக்கு ஒரு கப் பாயாசம் கொண்டுவாங்கோ” என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். மச்சான் எழுந்து இரண்டு கையாலும் வாங்கி, “நீங்கள் இருங்கோ அத்தான், நான் போய் ஊத்திறன்” என்றார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல பழக்கவழக்கம் உள்ளவர்மீது பொறாமைப்படுவது கடினமான வேலை; பிடிப்பதற்கு ஒரு கொழுக்கியும் கிடைக்காது.

ஆகவே கொழுக்கியைத் தேடத் தொடங்கினேன். உலகில் எந்தப் போட்டியில் யார் எவ்வளவு பரிசு எடுத்தார் என்று பெயர் வாரியாகக் காட்டும் ஓர் இணையத்தளம் இருக்கிறது. ட்ராமில் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மச்சானின் பெயரைத் தட்டிப் பார்ப்பது என் வழக்கமாயிற்று. கோயிலுக்குப் போகாத வெள்ளிக்கிழமை இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைப் பார்க்காத நாள் இருந்ததில்லை. அங்கே ஒரு மொத்தத் தொகை கிடந்தது, அந்தப் பெரிய பரிசையும் சேர்த்து. முதல் சில மாதங்கள் அதைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன். பிறகு ஒருநாள் எனக்கு மூளை வேலை செய்தது. அங்கே இருப்பதெல்லாம் வந்த காசு. போன காசு எங்கே? ஒவ்வொரு போட்டிக்கும் நுழைவுப் பணம் கட்ட வேண்டும். தோற்ற போட்டி அந்தப் பக்கத்தில் வராது. பத்துத் தரம் கட்டித் தோற்று ஒருதரம் கொஞ்சம் எடுத்தவரும் அங்கே வென்றவராகவே நிற்பார். லட்சக்கணக்கில் பரிசு எடுத்தவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு ஒரு சதமும் கொண்டுபோகவில்லையோ யாருக்குத் தெரியும்.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. மனைவிக்கு விளக்கினேன். தேநீர்க் கோப்பைகளை மேசையில் அடுக்கி வைத்து, இது கட்டினது, இது எடுத்தது என்று காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரி, இவ்வளவு மினக்கெட்டுப் பாக்கிறியளே, உங்களுக்கு அவன் ஏதும் தரவேணுமோ?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப கோப்பையளைக் கழுவி வையுங்கோ” என்றாள். வேலையிடத்தில் சொன்னேன், அவர்களும் கேட்கவில்லை. ஆட்களுக்குப் படம் பிடித்திருந்தது. கழித்தல் கணக்கு ஒருவருக்கும் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு செய்ததை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அவரைவிட நன்றாக விளையாடியவன் நான்தானே என்ற எண்ணம் உள்ளே கிடந்து குடைந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம் கோயில் கூட்டம் ஒன்று இருக்கிறது என்று மனைவிக்குச் சொல்லிவிட்டு, நல்ல சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு கசினோவுக்குப் போனேன். ஒரு சின்னப் போட்டி. வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, காசைக் கட்டி, கொடுத்த வில்லைகளோடு சொன்ன இடத்தில் போய் இருந்தேன். விதிகளை ஒரு மாதமாகப் படித்திருந்தேன். ஆனால் கைக்குப் படிப்புத் தெரியாது. வந்த தாளை விளையாடித்தான் ஆக வேண்டும் என்று முப்பது வருடம் பழகிய கை அது. மற்றவர்கள் தாளைப் பார்த்ததும் பத்தில் எட்டுத் தரம் திருப்பி எறிந்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது. நான் எல்லாவற்றையும் விளையாடினேன். அதைவிட மோசம், எனக்கு நேர் எதிரே ஒரு வயதான சுவிஸ்காரர் இருந்தார். எதிரே இருப்பவர் நம்முடைய ஆள் என்பது முந்நூற்றுநாலு. அவர் பெரிதாகக் காசை வைக்கும்போதெல்லாம் என் மனம் தன்னை அறியாமல் தெம்படைந்தது. சரி, எங்கள் பக்கம் பலமாக இருக்கிறது என்று நானும் வைத்தேன். ஒரு மணித்தியாலத்துக்குள் என் வில்லைகள் அத்தனையும் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தன. அவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார்.

எழுந்து திரும்பினால் பின்னால் மச்சான் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. சிரிக்கவில்லை. “வாங்கோ அத்தான், கோப்பி குடிப்பம்” என்று தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நகரின் மேற்குப் பக்கம், ட்ராம் கடைசியாக நிற்கும் இடத்துக்குக் கிட்ட, ஓர் அறை வீடு. நான் அதற்கு முன் போனதில்லை. போகக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். பளிங்குத் தரையும் தோல் சோபாவும் இருக்கும் என்று நினைத்திருந்த இடத்தில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு சோறு சமைக்கும் பானை, சுவரில் சுவாமிப் படம். கோப்பியைத் தந்துவிட்டு, “நீங்கள் துணிஞ்ச ஆள் அத்தான். இந்த விளையாட்டிலை அதுக்குத்தான் காசு பறிக்கிறவை” என்றார். அக்காவிடம் சொல்ல மாட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

வெட்கத்தில் இருந்தவனுக்கு ஏதாவது பிடிமானம் வேண்டியிருந்தது. “உன்ர அக்கா கவலைப்படுறா. உண்மையாச் சொல்லு, மிச்சம் வருதோ?” என்று கேட்டேன். அக்கா கவலைப்படவில்லை, கவலைப்பட்டவன் நான். அவர் சற்று யோசித்துவிட்டுக் கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். நாலு வருடக் கணக்கு. எந்தப் போட்டி, கட்டியது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு, ரயில், தங்கிய இடம், சாப்பாடு, எல்லாம் வரிவரியாக இருந்தன. சிவப்பு வரிகள் பக்கம் பக்கமாக ஓடின, இடையிடையே பச்சை. அந்தப் பெரிய பரிசின் வரியில் என் கண் நின்றது. “அதிலை பாதிக்குக் கிட்ட என்னுடையதில்லை” என்றார். பெரிய போட்டிகளுக்குப் போகும்போது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் தங்களுடைய பங்கை முன்கூட்டியே மற்ற ஆட்டக்காரர்களுக்கு விற்றுவிடுவார்களாம். கட்டும் காசைப் பகிர்ந்தால் பரிசையும் பகிர வேண்டும். “எல்லாம் கழிச்சுப் பாத்தால் குசினியிலை நிண்டால் கிடைக்கிறதைவிடக் கொஞ்சம் குறைவு. அந்த ஒரு நாளை எடுத்துப் போட்டால் மைனஸ்.”

“அப்ப லாபமில்லை.”

“அப்பிடியும் சொல்லேலாது. நான் சரியா விளையாடுறனோ, அதிர்ஷ்டமோ எண்டு தெரிய நாலு வருஷம் காணாது அத்தான். இன்னும் ஒரு பத்து வருஷம் விளையாடினால் ஒருவேளை தெரியவரும். எனக்கு மட்டுமில்லை, அங்கை இருக்கிற கனபேருக்கு இதுதான் நிலைமை. ஒருத்தரும் வெளியிலை சொல்லமாட்டினம்.”

பிறகு இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். ஒருவரிடமும் ஒரு சதம் கடன் வாங்கியதில்லை. ஒரு வருடம் இருந்து சாப்பிடும் காசைத் தனிக் கணக்கில் போட்டு அதைத் தொடுவதே இல்லை என்றார். எங்கள் ஷெஃப்பிடம் கதைத்து வைத்திருக்கிறார், அந்தக் காசில் கைவைக்கும் நிலை வந்தால் அடுத்த மாதமே ஐம்பது வீத வேலைக்கு வந்து நிற்பார். இதையும் எழுதியே வைத்திருந்தார். எல்லாம் எனக்கு வடிவாகக் கேட்டது. ஆனால் ட்ராமில் திரும்பி வரும்போது நான் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டது ஒரே ஒரு சொல்லைத்தான்: மைனஸ். வீட்டுக்கு வந்து இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். கோயில் கூட்டம் நன்றாக நடந்ததோ என்று மனைவி கேட்டாள். மிகவும் நன்றாக நடந்தது என்றேன்.

அடுத்த வருடம் மச்சானுக்குக் கலியாணப் பேச்சு வந்தது. வந்தது என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. போட்டி முடிந்து விடியப்புறம் பேர்ணுக்குத் திரும்பும் ரயிலில், வேலைக்குப் போகும் ஒரு பெண் பிள்ளையை அவர் சந்தித்திருக்கிறார். முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. இருவருக்கும் ஒரு வருடப் பழக்கம். இருவரும் விரும்பியதைப் பெரியவர்கள் பேசிச் செய்ததாக மாற்றுவது இங்கே எங்கள் ஆட்களின் வழக்கம். அதற்கு ஒரு தரகரைக்கூடப் பிறகு தேடிப் பிடிப்பார்கள். சாதகம் பார்த்தார்கள், நன்றாகப் பொருந்தியது. மிஞ்சியது விசாரிப்பு. பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் சொந்த ரத்தத்தை விசாரிக்க மாட்டார். அவர்கள் விட்டுக் கொடுக்க மாட்டார்கள். கலியாணத்தால் உள்ளே வந்த ஒருவரைத்தான் பிடிப்பார். அக்காவின் புருஷன் என்றால் அதற்குப் பொருத்தமான ஆள்.

திரிம்பாக் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு இருந்தபோது அவர் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். நல்ல மனிதர். பாசல் பக்கம் ஒரு தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்து மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தவர். பருப்பையும் கத்தரிக்காயையும் பற்றிக் கொஞ்சம் கதைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, பெடியன் நல்ல பெடியன் எண்டு எல்லாரும் சொல்லினம். எனக்கு இந்தக் கடதாசி விளையாட்டுத்தான் விளங்கேல்லை. அதிலை உண்மையா மிச்சம் வருதோ?”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். எனக்குப் பெண் பார்த்தபோது ஒருவரும் இப்படிக் கேட்கவில்லை என்பது அந்த நேரத்தில் ஏனோ ஞாபகம் வந்தது. நூறு வீத வேலை என்றார்கள், முடிந்துவிட்டது. எனக்கு என்ன மிச்சம் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை. கேட்குமளவுக்கு நான் ஒருவருக்கும் சுவாரசியமாக இருந்ததில்லை.

“மிச்சமெண்டு சொல்லேலாது ஐயா” என்றேன்.

“அந்தப் பெரிய பரிசு?”

“அதிலை பாதிக்குக் கிட்ட வேற ஆக்களுக்குப் போட்டுது. அந்த ஒண்டை எடுத்துப் போட்டால் நட்டம்தான்.”

“ஆரும் சொன்னதோ, இல்லாட்டில் நீங்கள் கண்ணாலை கண்டதோ?”

“கணக்கைப் பாத்தனான்.”

அவர் பிசைந்த சோற்றை ஓரமாகத் தள்ளினார். பிறகு எச்சில்படாத இடக்கையால் என் முழங்கையைத் தொட்டு, “பெரிய உபகாரம் தம்பி. உங்களைப்போல உள்ளதைச் சொல்லுற ஆக்கள் இப்ப இல்லை” என்றார். நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வீடு வரும்வரை அதைத்தான் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். ஓல்டனில் ரயில் மாறும்போதும் சொன்னேன், பேர்ணில் இறங்கும்போதும் சொன்னேன். உண்மையைச் சொன்னவனுக்கு அதை இத்தனை தரம் சொல்லிக்கொள்ள வேண்டிய தேவை ஏன் வந்தது என்று அப்போது யோசிக்கவில்லை.

பத்து நாளில் செய்தி வந்தது. சாதகத்தை இன்னோர் இடத்தில் காட்டினார்களாம், பொருத்தமில்லையாம். மனைவி இரண்டு நாள் அழுதாள். நன்றாகப் பொருந்தின சாதகம் எப்படிப் பொருந்தாமல் போகும் என்று என்னைத்தான் கேட்டாள். திரிம்பாக்கில் அந்த மனிதர் என்னை விசாரித்ததை நான் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. மச்சான் ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த ஒரு மாதமும் இணையத்தளத்தில் அவருடைய பெயருக்குக் கீழே ஒரு வரியும் ஏறவில்லை.

பிறகு ஒரு பௌசே நேரத்தில் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் பிள்ளைதான். குரலில் கோபமில்லை. வேலையிடத்தில் ஒரு முதியவரின் மருந்தைப் பற்றி விசாரிப்பவர் மாதிரிக் கதைத்தாள்.

“அங்கிள், ஒரு விஷயம் கேக்கலாமோ? அவற்ற கணக்கு முழுக்க நான் பாத்தனான். முதல் மாதமே காட்டினவர். அப்பாவுக்கும் காட்டுங்கோ எண்டு சொன்னனான். அவர்தான் வேண்டாமெண்டவர். தான் தன்னைப் பற்றிச் சொன்னால் அப்பா நம்பமாட்டார், அத்தானிட்டைக் கேக்கச் சொல்லும், அவருக்கு எல்லாம் தெரியும், அவர் எனக்காகக் கதைப்பார் எண்டவர். அதாலைதான் அப்பா உங்களிட்டை வந்தவர்.”

வேலைக்கோ வீட்டுக்கோ விண்ணப்பிக்கும்போது இந்த நாட்டில் ஒருவருடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுப்போம், என்னைப் பற்றி இவரிடம் கேளுங்கள் என்று. மச்சான் என் பெயரைக் கொடுத்திருந்தார்.

“நீங்கள் சொன்னது ஒண்டும் பொய்யில்லை, அங்கிள். கடனில்லை எண்டதையும், அந்த ஒரு வருஷக் காசையும், ஐம்பது வீத வேலையையும் ஏன் சொல்லேல்லை?”

பட்டையைக் கழுவும் தண்ணீரின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் மற்றவர்கள் தாளைப் பிரித்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார்கள்.

“அப்பா கேக்கேல்லை, பிள்ளை” என்றேன்.

அவள் சரி என்றாள். நன்றி என்றும் சொன்னாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் எதற்கும் நன்றி சொல்வார்கள். அடுத்த வருடம் பாசலில் கணினி வேலை செய்யும் ஒருவருக்கும் அவளுக்கும் கலியாணம் நடந்தது. தகப்பன் எனக்கு நேரில் வந்து அழைப்பிதழ் தந்தார். மனைவி வரமாட்டேன் என்றாள். நான் போனேன். போகாவிட்டால் அவர் ஏதும் நினைப்பார் என்று எண்ணிப் போனேன். மண்டபத்தில் அவர் என்னை முன்வரிசையில் இருத்தினார். மணவறையில் இருந்தபடி அந்தப் பிள்ளை ஒருதரம் என்னைப் பார்த்தாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

அதெல்லாம் நடந்து நாலு வருடமாகிறது. மச்சானுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது, தனியாகவே இருக்கிறார். இன்னமும் விளையாடுகிறார். அந்த இணையத்தளத்தை நான் இன்னமும் பார்க்கிறேன். அந்தப் பழக்கம் விடுவதாயில்லை. ஆனால் இப்போது தொகையைப் பார்ப்பதில்லை, பெயர் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். பொறாமை போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். என்மீது அவர் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. தனக்கு இப்படிச் செய்தவனின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்து சாப்பிட அவரால் எப்படி முடிகிறது என்று பார்த்துப் பார்த்து எனக்கு முன்பைவிடக் கூட எரிகிறது. அவருக்குத் தெரியாது என்று ஒரு காலம் நம்பினேன். பிறகு தெரிந்தாலும் மறந்திருப்பார் என்று நம்பினேன்.

போன ஞாயிறும் வந்தார். தமிழ்க் கடையில் விளைமீன் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மனைவி குழம்பு வைத்தாள். மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள், அவருடைய சேட்டின் கழுத்துப் பட்டி தேய்ந்திருப்பதைக் கண்டாளோ என்னவோ, திடீரென்று கேட்டாள்.

“தம்பி, எனக்கு உண்மையைச் சொல்லு. இத்தனை வருஷமா விளையாடுறாய். உனக்கு இதிலை லாபமோ, நட்டமோ?”

மச்சான் சோற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அத்தானைக் கேளுங்கோ அக்கா. என்ர கணக்கு அவருக்குத்தான் தெரியும்” என்றார். குரலில் குத்தல் இருக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

மனைவி என்னைப் பார்த்தாள். என் வாய் தானாகத் திறந்தது. “லாபமோ எண்டு அவனுக்கே இன்னும் தெரியாது. ஆனால் ஒருத்தரிட்டையும் ஒரு சதம் கடனில்லை” என்றேன். “ஒரு வருஷச் செலவுக்குக் காசு தனியாப் போட்டு வைச்சிருக்கிறான். தேவையெண்டால் ஷெஃப் எப்பவும் ஐம்பது வீதம் வேலை குடுப்பார். அதெல்லாம் அவன் எப்பவோ ஒழுங்குபடுத்தி வைச்ச விஷயம்.”

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள். “இவ்வளவும் இருந்ததோ? அந்தப் பிள்ளையின்ர தகப்பனுக்கு இதை ஒருத்தரும் சொல்லேல்லையோ?”

“அவர் கேக்கேல்லையாம், அக்கா” என்றார் மச்சான். சொல்லிவிட்டு, மீன்குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.